படிப்படியாகக் கறுத்தல்

இங்கிலாந்தில் படிக்கும் நண்பர் மகன் ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, படித்து முடித்துவிட்டதாகச் சொல்லி ஒரு நாவலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். நாவலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குள் பக்க அடையாளமாக மடித்து வைக்கப்பட்டிருந்த விளம்பரத் தாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தோலைக் கறுக்கவைக்கும் சலூன் ஒன்றின் விளம்பரம் அது. திறந்த சிப்பியைப் போல இரண்டு மூடிகள் கொண்ட ஒரு படுக்கை. மூடிகளின் உட்புறம் முழுக்க நீலமாக ஒளிரும் குழல்விளக்குகள். நடுவே கண்களை மூடிப் படுத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண். கீழே ஓர் அட்டவணை. இன்ன வகைத் தோலுக்கு முதல் நாள் இத்தனை நிமிடம், நடுவில் ஓய்வு, அடுத்த முறை இன்னும் சற்றுக் கூடுதல், பிறகு நிறத்தைத் தக்கவைத்துக்கொள்ள வாரந்தோறும் வருகை. அவசரப்படாதீர்கள், படிப்படியாக வாருங்கள், அதுவே பாதுகாப்பு என்று பரிவோடு அறிவுரை. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அனுமதி இல்லை என்று பொடி எழுத்தில் ஒரு வரியும் இருந்தது. இங்கிலாந்தில் 2011 முதல் அது சட்டம். ஆகவே அந்த வரியைப் பரிவில் சேர்க்க வேண்டியதில்லை.

இந்தத் தாளோடு கூடிய நாவலைப் பையில் வைத்துக்கொண்டுதான் வத்தல்மலைக்குப் போனேன். அங்கே ஆசிரியராக இருக்கும் நண்பர் பல மாதங்களாக அழைத்துக்கொண்டிருந்தார். தருமபுரியில் பேருந்துக்குக் காத்திருந்தபோது எதிரே ஒரு அழகு நிலையத்தின் பலகை கண்ணில் பட்டது. 'டி-டேன் ஃபேஷியல்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். வெயிலில் ஏறிய கறுப்பை இறக்குவதற்குக் கட்டணம். கறுப்பை ஏற்றுவதற்கான கட்டண அட்டவணை என் பையில். சிரிப்பு வந்தது. மலையிலிருந்து இறங்கியபோது வரவில்லை.

*

வத்தல்மலை தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சாமையும் கடுகும் விளையும் சரிவுகள், சில்வர் ஓக் மர நிழலில் காப்பிச் செடிகள், மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகள். வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் கல்வராயன், கொல்லி, சேர்வராயன் மலைகளிலும் இதே பெயரோடு வாழ்கிறார்கள்.) நீண்ட காலம் இவர்களுக்குச் சாலை என்று ஒன்று கிடையாது. நோயாளிகளைத் தொட்டிலில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய கதைகளை நடுவயதுக்காரர்களே சொல்வார்கள். பேருந்து மலையேறத் தொடங்கியது சில ஆண்டுகளுக்கு முன்னால்தான்.

காற்று குளிர்ச்சியாக இருப்பதால் மலை வெயிலை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். உண்மையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர்களின் வீச்சு ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். தருமபுரி இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 பாகையில். சித்திரை பிறந்து பத்து நாட்களுக்குள் ஒருமுறையும், ஆவணித் தொடக்கத்தில் மறுமுறையும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து நிற்கும். வத்தல்மலை என்ற பெயரிலேயே வெயிலில் காயவைத்த எதுவோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கும். ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் மன்னிப்பார்களாக.

நண்பர் தன் பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமியின் வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. சிறுமியின் தாய் எங்களைக் கண்டதும் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். வெட்கம் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுக்கும்போதுதான் பார்த்தேன், விரல் நுனிகள் பத்தும் வெளுத்திருந்தன. இடது புறங்கையில் உள்ளங்கை அளவுக்கு வேறொரு வெண்மை. சுற்றிலும் ஓரம் கறுத்து, நடுவில் தோல் பளபளப்பாக, தீக்காயம் ஆறிய தழும்பைப் போல. தழும்பேதான்.

நண்பர் கேட்டதால் சொன்னார். நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி எண்ணெய் வாங்கியிருக்கிறார். தடவிக்கொண்டு வெயிலில் உட்காரவேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எத்தனை நாழிகை என்று சொல்லவில்லை.

"வெயில்ல காட்டுனா கறுத்துரும்னாங்க சார். கறுக்கலைங்க. வெந்து போச்சு."

அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லையாம். இரண்டாம் நாள் கொப்புளம் கட்டியிருக்கிறது. ஆறிய பிறகு அந்த இடமே புதிதாக வெளுத்துவிட்டது.

விரல் நுனியில்தானே புள்ளிகள், புறங்கையில் ஏன் தடவினீர்கள் என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "பாப்பாவுக்குப் போடறதுக்கு முன்னாடி என் கையில போட்டுப் பாத்தேங்க."

சிறுமிக்கு இடது கன்னத்தில், காதோரமாக, ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு புள்ளி. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கதவுக்குப் பின்னால் கன்னத்தைக் கையால் தாங்கியபடி நின்றுகொண்டிருந்தாள். அது அவளுடைய வழக்கமான நிலையாகிவிட்டது என்று திரும்பும் வழியில் நண்பர் சொன்னார். வகுப்பிலும் அப்படித்தானாம்.

*

'படிப்படியாக', 'பாதுகாப்பாக' என்ற இரண்டு சொற்களும் யாருடையவை என்று கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

விளக்கொளியால் தோலுக்கு மருத்துவம் செய்யும் வழி டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் என்ற மருத்துவரிடமிருந்து தொடங்குகிறது. தோலில் வரும் காசநோயைக் கார்பன் விளக்கின் ஒளியைக் குவித்துக் குணப்படுத்தியதற்காக 1903-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தோலின் ஒளி தாங்கும் திறனை வகை பிரித்தவர் ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக், 1975-ல். சலூன் அட்டவணையில் 'முதல் வகைத் தோல், இரண்டாம் வகைத் தோல்' என்று வருவதெல்லாம் அவருடைய வகைப்பாடு. அவர் அதை வகுத்ததன் காரணம் சுவாரசியமானது. சோரலென் என்ற மருந்தைக் கொடுத்து நோயாளியைப் புற ஊதாக் கதிரில் நிறுத்தும்போது யாருக்கு எவ்வளவு கதிர் கொடுத்துத் தொடங்குவது என்று தெரியாமல் மருத்துவர்கள் திணறினார்கள். தொடக்க அளவைத் தீர்மானிக்க ஓர் ஏணி தேவைப்பட்டது. முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் நான்கு படிகள். நம்முடைய நிறங்களுக்கான ஐந்தாம், ஆறாம் படிகள் பிறகுதான் சேர்க்கப்பட்டன. (அதே 1975-ல்தான் நம் நாட்டில் ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு விற்பனைக்கு வந்தது. 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். களிம்பு இருக்கிறது.)

சோரலென் என்ற அந்தப் பொருளை 1933-ல் இந்திய வேதியியலாளர் ஜோயிஸும் அவருடைய சகாக்களும் ஒரு விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். எந்த விதை தெரியுமா? கார்போகரிசி.

ஆக, அந்தத் தாய் செய்தது மூடநம்பிக்கை அல்ல. அவருடைய கையில் இருந்த எண்ணெயும் தலைக்கு மேல் இருந்த சூரியனும் மருத்துவப் பாடநூலில் இடம்பெற்ற அதே இணைதான். எகிப்தில் எல் மொஃப்டி 1940-களின் இறுதியில் வேறொரு செடியை வைத்து இதையேதான் செய்தார். நமது வைத்திய மரபு அதற்கு வெகு முன்பிருந்தே செய்துவந்திருக்கிறது. அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: அளவு. எவ்வளவு எண்ணெய், எத்தனை நிமிடம், எந்த மாதத்து வெயில், முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் எவ்வளவு இடைவெளி. அந்த அட்டவணை மருத்துவமனையிலிருந்து புறப்பட்டு, உலகத்தைச் சுற்றி, நோயே இல்லாதவர்களின் சலூனுக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு நாவலுக்குள் மடிந்து வத்தல்மலைக்கு என் பையில் வந்திருக்கிறது.

சலூன்காரர்கள் அந்த அட்டவணையை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 'படிப்படியாகக் கறுத்தால் ஆபத்தில்லை' என்ற பேச்சு இப்போது வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளிடமும் புழங்குகிறது. வெயிலில் தோல் கறுப்பது எப்படி? புற ஊதாக் கதிர் தோல் செல்லின் மரபணு இழையை உடைக்கிறது. உடைசலை உணர்ந்த செல் அபாய அறிவிப்பு விடுகிறது. அந்த அறிவிப்பைக் கேட்டுத்தான் மெலனின் சுரக்கிறது, செல்லின் கருவுக்கு மேல் குடையாக விரிகிறது. கறுப்பு என்பது காயத்துக்குப் பின் வந்த குடை. காயமில்லாமல் குடை மட்டும் வேண்டும் என்பது நடக்காத காரியம். மெதுவாகக் கறுத்தால் மெதுவாகக் காயப்பட்டிருக்கிறோம் என்று பொருள். முதலில் கொஞ்சம் கறுத்துக்கொண்டால் பிறகு கடற்கரை வெயில் ஒன்றும் செய்யாது என்ற வாதமும் நிற்காது. அப்படிச் சம்பாதித்த நிறம் தரும் பாதுகாப்பு, மருந்துக்கடையில் கிடைக்கும் மிகச் சாதாரணமான வெயில் களிம்பு தருவதில் ஒரு சிறு பங்கு. சலூன் விளக்குகளில் பெரும்பகுதி ஏ வகைப் புற ஊதாக் கதிர். அது ஏற்கெனவே இருக்கும் மெலனினை உடனே கறுக்கவைத்துக் காட்டும். புதிய குடை எதையும் விரிக்காது. வாடிக்கையாளருக்குக் கண்ணாடியில் உடனே மாற்றம் தெரிய வேண்டும் அல்லவா?

2009-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் படுக்கைகளைப் புகையிலையும் கல்நாரும் இருக்கும் முதல் பட்டியலில் சேர்த்தது. முப்பது வயதுக்கு முன் தொடங்குபவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்று வரும் அபாயம் 75 சதவீதம் கூடுவதாக அப்போது கணக்கிட்டார்கள். அதே ஆண்டு பிரேசில் அழகுக்காகக் கறுக்கவைப்பதை முற்றாகத் தடை செய்தது. பின்னர் ஆஸ்திரேலிய மாநிலங்களும் சலூன்களை மூடின. கறுத்த தோல் உள்ள நமக்கு அந்த அபாயம் வெள்ளையர்களைவிட மிகக் குறைவு என்பது உண்மை. அதனால் நமக்கு அது தேவை என்று ஆகிவிடாது.

*

இலக்கிய வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். வெண்மையாகும் தோலைப் பற்றி உலகிலேயே அதிகம் பேசியது நமது அகப்பாடல்களாகத்தான் இருக்க வேண்டும். மாந்தளிரின் நிறத்துக்கு மாமை என்று பெயர் வைத்து, அதைப் பேரழகாகக் கருதி, அது குலைந்து பசலை படர்வதைத் துயரத்தின் முதல் அடையாளமாக்கியது அந்த மரபு. திருக்குறளில் பசப்புக்கென்றே ஓர் அதிகாரம், 119-ஆவது. கறுப்பைத் திரும்பப் பெறுவதை மகிழ்ச்சியாகக் கொண்டாடிய மொழி இது. தோலில் பொன்னிறப் பொட்டுகளாகத் தோன்றும் சுணங்கைக்கூட வேங்கைப் பூவோடு ஒப்பிட்டு அழகு என்றே அவர்கள் கண்டார்கள்.

இதை வைத்து ஓர் அழகான கட்டுரை எழுதிவிடலாம். வத்தல்மலைத் தாயைப் பசலை பூத்த தலைவியாக்கி, இழந்த மாமை என்று ஒரு தலைப்பும் கொடுத்துவிடலாம். நானே இரண்டு பத்தி எழுதிப் பார்த்தேன். கிழித்துப்போட்டேன். பசலை தலைவன் வந்தால் போய்விடும். இங்கே உடலின் காவல் செல்கள் வழிதவறி, மெலனின் சுரக்கும் செல்களைப் பகை என்று எண்ணிக் கொன்றுகொண்டிருக்கின்றன. ஒட்டிக்கொள்ளாத நோய். வலிக்காது. மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதால் வருவதல்ல. தொழுநோய்க்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

உறவை உண்டாக்கியது நாம் வைத்த பெயர். வெண்குஷ்டம் என்று யார் முதலில் சொன்னார்களோ, அந்த ஒரு சொல்லால் எத்தனை திருமணங்கள் நின்றிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். இந்து திருமணச் சட்டத்தில் தொழுநோய் மணமுறிவுக்கான காரணமாகவே 2019 வரை இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கினார்கள். நோயே இல்லாத ஒன்றின் மீது அந்த நிழல் விழுந்தது அந்தப் பெயரால். வெண்புள்ளி என்றே சொல்ல வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர்கள் ஓர் இயக்கமாகவே திரண்டு போராடினார்கள். தமிழக அரசும் அதை ஏற்று ஆணையிட்டது. சொற்களுக்காகச் சண்டையிடுகிறவர்கள் என்று நம்மைப் போன்றோரைக் கேலி செய்பவர்கள் இந்த ஒரு சண்டையையாவது மதிக்கலாம்.

*

இனி அந்த 'வேறு விளக்கு'க்கு வருகிறேன். பேச்சின் நடுவே நாவலிலிருந்து அந்தத் தாள் கீழே விழுந்துவிட்டது. தாய் அதை எடுத்துப் படத்தைப் பார்த்தார். கறுக்கவைக்கும் பெட்டி என்று நண்பர் விளக்கினார். அவர் முகத்தில் தோன்றியதை என்னால் மறக்க முடியவில்லை.

"இதுக்குள்ள படுத்தா கறுக்குமாங்க?"

நோய் இல்லாதவர்களுக்கு மட்டும் கறுக்கும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அது உண்மை. வெண்புள்ளி உள்ளவர் அந்தப் படுக்கையில் படுத்தால் சுற்றியிருக்கும் நல்ல தோல்தான் முதலில் கறுக்கும். புள்ளி முன்னைவிட எடுப்பாகத் தெரியும். அளவு மிஞ்சினால் புள்ளி வெந்து, வெந்த இடம் புதிய புள்ளியாகும். அவர் கையில் நடந்தது அதுதான்.

"அப்ப எங்களுக்கு ஒண்ணும் இல்லைங்களா?"

இருக்கிறது. 311 நானோமீட்டர் என்ற மிகக் குறுகிய அலைநீளத்தில் மட்டும் ஒளிரும் விளக்கு. 1980-களில் காளாஞ்சகப்படை என்ற தோல் நோய்க்காகப் பயன்படுத்தத் தொடங்கி, 1997-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் வெண்புள்ளிக்கும் பயன்படும் என்று காட்டினார்கள். பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவில் நிற்கும் பெட்டியாக இதைப் பார்க்கலாம். துணி மாற்றும் அறை போன்ற வடிவம், உட்புறம் முழுக்கக் குழல்விளக்குகள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. முதல் நாள் ஒளி சில நொடிகள்தான். செவிலியர் அளவைக் குறித்துக்கொள்கிறார். அடுத்த முறை பத்து அல்லது இருபது சதவீதம் கூட்டுகிறார்கள். மறுநாள் தோல் இலேசாகச் சிவந்திருக்கிறதா என்று கேட்கிறார்கள். சிவந்து ஒரு நாளில் மறைந்தால் அதுவே சரியான அளவு, மறையாவிட்டால் குறைக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, அடுத்தடுத்த நாட்களில் கூடாது. முதல் மூன்று மாதம் எதுவும் தெரியாமலே போகலாம். பிறகு வெண்மையின் நடுவே, ஒவ்வொரு முடியின் வேரைச் சுற்றியும், கடுகு சிந்தியதைப் போல நிறப்பொட்டுகள் தோன்றும். முடிவேரில் ஒளிந்து தப்பிய செல்கள் மேலேறி வருகின்றன. பொட்டுகள் பரவி ஒன்றோடொன்று சேரும்.

படிப்படியாக, பாதுகாப்பாக. இந்தச் சொற்கள் பொருளோடு இருப்பது இங்கேதான். இங்கே ஒருவர் அளக்கிறார், குறித்துக்கொள்கிறார், பலனில்லை என்றால் நிறுத்தச் சொல்கிறார். சலூனில் நிறுத்தச் சொல்வதற்கு யாருக்கும் ஊதியம் கிடையாது.

முடிவேர் இல்லாத இடங்களில் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் தோற்றுவிடும். விரல் நுனி, உதடு, உள்ளங்கால். அந்தத் தாயின் விரல்கள் அனேகமாக அப்படியேதான் இருக்கும். நான் அதை அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று நண்பர் பிறகு கோபித்துக்கொண்டார். சொன்னதற்குக் காரணம், கன்னத்தில் வரும் புள்ளியின் கதை வேறு. முகம்தான் இந்த ஒளிக்கு எல்லா இடங்களையும்விட நன்றாக இணங்கும், அதிலும் தொடக்க நிலையில், சிறு வயதில். அவர் முதலில் மகளைப் பற்றித்தான் கேட்டிருந்தார்.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். வாரத்துக்கு இரண்டு முறை வீதம் ஆறு மாதம் என்றால் ஐம்பது தடவை இறங்கி ஏற வேண்டும். ஒவ்வொரு தடவையும் சில நொடி அல்லது சில நிமிட ஒளிக்காக, போக வர ஐம்பது கிலோமீட்டர். சிறுமிக்கு ஐம்பது நாள் பள்ளி போகும். தாய்க்கு ஐம்பது நாள் கூலி போகும். பேருந்து நேரத்துக்கு வரவேண்டும், விளக்கு பழுதில்லாமல் இருக்கவேண்டும், அன்றைக்கு மருத்துவர் விடுப்பில் இல்லாமல் இருக்கவேண்டும். பத்தாவது வாரத்தில், கடுகுப் பொட்டு ஒன்றுகூடத் தோன்றாத நிலையில், எந்தக் குடும்பம் பதினொன்றாம் வாரத்துக்கு இறங்கும்? பாதியில் விட்ட சிகிச்சை ஊராருக்குச் சாட்சியாகிவிடும்: 'பாரு, ஆஸ்பத்திரியிலயும் ஆகல.' பிறகு நாட்டு மருந்துக் கடை.

சென்னையில் இருப்பவருக்கு இது மருத்துவப் பிரச்சினை. மலையில் இருப்பவருக்குப் பேருந்துப் பிரச்சினை.

*

என் யோசனை எளியது, மருத்துவர்கள் திருத்தட்டும். இதே 311 நானோமீட்டர் ஒளியைத் தரும் கைவிளக்குகள் இருக்கின்றன, பெரிய சீப்பு அளவில். நடுத்தரமான கைபேசி ஒன்றின் விலையை ஒட்டித்தான் ஆகும். சிறு புள்ளிகளுக்கு இது போதும். பிரிட்டனில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளும் பெரியவர்களுமாக 517 பேரிடம் இந்தக் கைவிளக்கை வீட்டிலேயே பயன்படுத்தச் செய்து ஓர் ஆய்வு நடத்தி, முடிவுகளை 2020-ல் வெளியிட்டார்கள். விளக்கும் களிம்பும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களில் 27 சதவீதம் பேருக்கும், களிம்பு மட்டும் பயன்படுத்தியவர்களில் 17 சதவீதம் பேருக்கும் குறிப்பிடத்தக்க பலன். நிறுத்திய பிறகு பலருக்கு நிறம் மீண்டும் போய்விட்டது. பெரிய வெற்றி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் வைத்துச் செய்வது சாத்தியம் என்பதை அந்த ஆய்வு காட்டியது. முறையாகச் சொல்லிக்கொடுத்தால் மக்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது நமது பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி என்ற கிராமத்தில். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. இயன்முறை மருத்துவம் வருகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வதற்கான பைகள் வருகின்றன. டயாலிசிஸ் பை மலையேற முடியும் என்றால் ஒரு கைவிளக்கு ஏற முடியாதா? மலைக்கு ஒரு விளக்கு, அளவு குறிக்க ஒரு நோட்டு, பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், மாதம் ஒருமுறை கீழே இருந்து தோல் மருத்துவரின் பார்வை. ஐம்பது பயணம் ஆறாகக் குறையும்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். தோல் மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் தயங்கினார். விளக்கு ஊருக்குள் வந்தால் அடுத்த வாரமே யாராவது 'இன்னும் கொஞ்ச நேரம் வை, சீக்கிரம் கறுக்கட்டும்' என்பார்கள். வெந்துபோனால் யார் பொறுப்பு என்றார். நியாயமான பயம். அவசரம் என்பது நம்பிக்கை வறண்டவர்களிடம் அதிகமாகவே இருக்கும். ஆனால் அந்தப் பயத்தோடு ஒப்பிட வேண்டியது விளக்கே இல்லாத நிலையை அல்ல. கார்போகரிசி எண்ணெயும் ஆவணி வெயிலும் இப்போதே அங்கே இருக்கின்றன. அவற்றுக்கு நோட்டும் கிடையாது, செவிலியரும் கிடையாது. அளவில்லாத ஒளி மலையில் ஏராளம். அளந்த ஒளியைத்தான் கேட்கிறோம்.

புள்ளியை ஏன் மாற்ற வேண்டும், அப்படியே ஏற்றுக்கொள்ளச் சமூகத்தைப் பழக்கலாமே என்று கேட்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். இந்த வாதத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. முகத்தில் புள்ளிகளோடு மேடையேறிப் பேசுகிறவர்களைக் கண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்தத் துணிவைப் பதினொரு வயதுச் சிறுமியிடம், அதுவும் சிகிச்சை கிடைக்காத காரணத்தால், நாம் எதிர்பார்க்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்வதற்கும் முதலில் அது கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

*

இறங்கி வந்த பிறகு நண்பரும் நானும் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு மனு தயாரித்தோம். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கொடுப்பதற்காக. என் கையெழுத்து யாருக்கும் புரியாது என்பதால் மனு எழுதித் தருபவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னோம். வயதானவர், அழகான எழுத்து. கடகடவென்று எழுதி நீட்டினார். 'வெண்குஷ்ட நோயால் பாதிக்கப்பட்ட சிறுமிக்கு' என்று தொடங்கியிருந்தது. வேறு தாளில் எழுதித் தரச் சொன்னேன். என்ன தப்பு என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, தன் அண்ணன் மகளுக்கும் அதுதான் என்றும், இத்தனை நாளும் வீட்டில் அப்படியேதான் சொல்லிவந்திருக்கிறோம் என்றும் சொன்னார். புதுத் தாளுக்குக் காசு வாங்கவில்லை.

வெண்புள்ளி என்று எழுதிய அந்த மனுவை அடுத்த திங்கட்கிழமை கொடுத்திருக்கிறோம். சிறுமியை முதல் முறை தோல் மருத்துவரிடம் காட்டுவதற்கு அழைத்துவர நண்பர் ஒரு நாள் விடுப்பு எடுத்திருக்கிறார். காலை முதல் பேருந்தில் வருகிறார்கள்.